சாக்கு மூட்டையில வந்த என்ஜின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க வரிசை வீட்டு லயத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காலையில ஆள் எண்ணுற பெரட்டுல பேர் விடுபட்டா கங்காணியோட சண்டை, பைப்படியில வரிசை மாறினா சண்டை, கூட்டுறவுக் கடையில அரிசி அளவு குறைஞ்சா அதுக்கும் சண்டை. "இராஜம் வர்றா, எல்லாரும் காதைப் பொத்திக்கங்க"ன்னு பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. அப்பேர்ப்பட்ட வாய், ஒரே ஒரு விசயத்துல மட்டும் பன்னிரண்டு வருசமா மூடிக் கிடக்கு. அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

எங்க தோட்டம் தெரணியகலை டவுன்ல இருந்து ஆறு மைல் மேல. மேல் டிவிசன் தேயிலை, கீழ் டிவிசன் ரப்பர். நாங்க கீழ் டிவிசன். எங்க வீட்டுக்காரர் இந்திரகுமார் பால் வெட்டுறவரு. நான் ஸ்டோர்ல வேலை. மரத்துல இருந்து வர்ற பாலை ஆசிட் ஊத்தி உறைய வச்சு, அதை மெஷின்ல குடுத்து ஷீட்டா உருட்டி, புகை ரூம்ல தொங்கவிடுற வேலை. கையெல்லாம் அந்த வாடைதான். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது.

தொண்ணூத்து மூணுல எனக்கு வலி வந்தப்போ தோட்டத்து லொறி ஸ்டோர் வாசல்லதான் நின்னுச்சு. கொழும்புக்குப் போற ஷீட்டை ஏத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டி ரெடியா நின்னுச்சு. சாமானை இறக்கிட்டு ஆளை ஏத்தணும்னா துரையோட கடதாசி வேணும். துரை அன்னைக்குத் தோட்டத்துல இல்ல. பெரிய கிளாக்கர் சண்முகநாதன் ஐயா, "என் கையெழுத்துல லொறி விட்டா என் வேலை போயிரும்"னு ஒபிஸ் கதவுலயே நின்னாரு. டிரைவர் செல்லையா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா முன்னாலேயே பார்த்துக்கிட்டு இருந்தான். நான் ஸ்டோர் படியில கிடந்து கத்துறேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. கடதாசி வர நாலு மணித்தியாலம் ஆச்சு.

ஆஸ்பத்திரியில என் உசிரை மட்டும் காப்பாத்திக் குடுத்தாங்க. ஆம்பளப் புள்ளையாம். கருப்பையையும் எடுத்தாச்சு. அன்னையில இருந்து நான் செல்லையாவோட ஒரு வார்த்தை பேசுனதில்ல. அவன் லொறி வந்தா நான் ரோட்டுக்கு முதுகு காட்டி நிப்பேன்.

எனக்குன்னு மிச்சம் இருந்தது என் தங்கச்சி அனுஷியா ஒருத்திதான். ஆத்தா செத்தப்போ அவளுக்கு ஏழு வயசு, நான்தான் வளர்த்தேன். ஓ லெவல் வரைக்கும் படிக்க வச்சேன். தொண்ணூத்து ஆறுல சஞ்சீவ்ங்கிற பையனுக்குக் கட்டிக் குடுத்தேன். அவன் கொழும்புல ஒரு கடையில வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவான். அதனால அவ எங்க ஒத்த ரூம் காம்பிராவுலயே இருந்தா. அந்த வருசம் ஆகஸ்ட்ல ஒரு நாள் காலையில அவ வாந்தி எடுத்தா. பக்கத்து வீட்டு இருளாயி அக்கா சீனி கொண்டு வந்து என் வாயில போட்டாங்க. எனக்குச் சந்தோசம் வரல. அந்த லொறியும் தார்ப்பாயும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. 

அந்தச் சமயத்துலதான் சண்முகநாதன் ஐயாவுக்கு பென்சன் வந்து, கண்டியில இருக்கிற மகன் வீட்டுக்குப் போறதுக்குச் சாமான் கட்டினாரு. அவரு குவாட்டர்ஸ் பின்னால ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் கிடந்துச்சு. ஒரு மெக்கானிக் என்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு, பூட்டாமலேயே வெளிநாட்டுக்குப் போயிட்டான். கழட்டின என்ஜின் மூணு சாக்குல கட்டிக் கிடந்துச்சு. ஐயா என்னைக் கூப்பிட்டு விட்டாரு.

"இராஜம், அந்தக் காரை எடுத்துக்க. ஓடுமோ ஓடாதோ தெரியாது"ன்னாரு. என் முகத்தைப் பார்க்காம மாமரத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. மூணு வருசத்துக்கு முந்தின கடதாசிக்குத்தான் இந்தக் கார்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நன்றியெல்லாம் சொல்லல. "சாக்குல ஒண்ணும் விடுபடலையே?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்தேன்.

எட்டுப் பேர் சேர்ந்து காரை லயத்துக்குத் தள்ளிக்கிட்டு வந்தோம். லயமே வேடிக்கை பார்த்துச்சு. "இந்திரன் அண்ணே, பெட்ரோல்ல ஓடுமா, ரப்பர் பால்ல ஓடுமா?"ன்னு ஒருத்தன். "இனி இராஜம் அக்கா பெரட்டுக்குக் கார்லதான் வரும்"னு இன்னொருத்தன். சிரிங்கடா சிரிங்க, நாளைக்கு உங்க வீட்டுப் பொம்பளைக்கு வலி வந்தா எவன் வாசல்ல வந்து நிப்பீங்கன்னு பார்க்கிறேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எவனும் சிரிக்கல. அந்தக் கார் ஓடணும். அனுஷியா எவன் கையெழுத்துக்கும் காத்துக் கிடக்காம ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல.

எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசம் லொறி கிளீனரா போனவரு. ஸ்டியரிங் பிடிப்பாரு. ஆனா என்ஜினுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்ததே இல்ல. டவுன்ல கராஜ் வச்சிருக்கிற மெக்கானிக் முக்தார் பாஸை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டு வந்தாரு. முக்தாருக்கு எங்களைவிட வயசு கம்மி, ஆனா கைவேலை சுத்தம். சாக்கை அவுத்துப் பார்த்துட்டு, "அண்ணே, இது என்ஜின் இல்ல, பழைய இரும்புக் கடை"ன்னு சிரிச்சாரு. நான் முறைச்சதைப் பார்த்துட்டு சிரிப்பை நிறுத்தினாரு.

"சரி. முதல்ல ஒண்ணையும் பூட்டாதீங்க. முதல்ல பரப்புங்க. ஒவ்வொண்ணையும் மண்ணெண்ணெய்ல கழுவி, எது எதுக்குப் பக்கத்துல வரும்னு தரையில வரிசையா வைங்க. எது இருக்கு எது இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் ஸ்பேனரைத் தொடணும். அவசரப்பட்டா என்ஜின் மன்னிக்காது"ன்னாரு.

அப்படித்தான் ஆரம்பிச்சோம். எங்க காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுல பாதி இடத்துல உரச் சாக்கை விரிச்சு இரும்பைப் பரப்பினோம். கார் டிக்கியில ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்துச்சு, கரையான் அரிச்சது போக மிச்சம். அனுஷியாதான் அதை எழுத்துக்கூட்டிப் படிச்சு, சிமெந்துத் தரையில சோக்கால கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் எழுதினா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, "மச்சான், இது பிஸ்டன். நம்ம டம்ளரைக் கவுத்து வச்ச மாதிரியே இருக்கு பாருங்க. நாலு இருக்கணும், இருக்கு"ன்னு சொல்லுவா. "அக்கா, புள்ள பொறந்தா இதுலதான் தேத்தண்ணி குடுக்கணும்"னு சிரிப்பா. சோத்துக் கோப்பையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, நாங்க கட்டிலுக்கு மேல உட்கார்ந்து சாப்பிட்டோம். மெய்யா சொல்றேன், அந்த மூணு மாசம் மாதிரி ஒரு சந்தோசமான காலம் எங்க காம்பிராவுல இருந்ததில்ல.

வீட்டுக்காரரு காலையில பால் வெட்டி, பாலைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தா பொழுது சாயுற வரைக்கும் எழும்ப மாட்டாரு. ஒரு பூட்டு பூட்டுறதுக்கு ஒரு வாரம் யோசிப்பாரு. எனக்கோ பொறுமை கிடையாது. "என்னங்க, நீங்க பூட்டுறதுக்குள்ள புள்ள ஸ்கூலுக்குப் போயிரும்"னு கத்துவேன். மனுசன் தலையைக்கூடத் தூக்க மாட்டாரு.

அவரைப் போட்டு வாட்டினது ரெண்டு மூடிதான். பிஸ்டனைத் தாங்குற கம்பிக்குக் கீழ, சுத்துற தண்டோட சேர்த்துப் பூட்டுற இரும்பு மூடி. நாலு கம்பிக்கு நாலு மூடி. ஒண்ணோட மூடியை இன்னொண்ணுக்குப் போடக் கூடாதுன்னு முக்தார் படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாரு. ஒண்ணும் நாலும் நம்பர் தெளிவா இருந்துச்சு. ரெண்டும் மூணும் துருப்பிடிச்சு அழிஞ்சு போச்சு. எது எதோடதுன்னு தெரியல. அவரு பத்து தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து, கையால சுத்திப் பார்த்தாரு. ஒரு விதமாப் போட்டா இறுகுது, இன்னொரு விதமாப் போட்டா லேசா சுத்துது. லேசா சுத்துற மாதிரியே பூட்டினாரு. பூட்டின பிறகும், "சரியாத்தான் போட்டேனா இராஜம்?"னு தூக்கத்துல எழும்பிக் கேட்பாரு. எனக்கு என்ன தெரியும்? "சரிதான், படுங்க"ம்பேன்.

கடைசியில கெஸ்கட்தான் இல்ல. ரெண்டு இரும்புக்கு நடுவுல எண்ணெய் ஒழுகாம இருக்க வைக்கிற வார். அந்த செட் கொழும்புல பஞ்சிகாவத்தையிலதான் கிடைக்கும்னு முக்தார் எழுதிக் குடுத்தாரு. ஜனவரியில இவரு பஸ் ஏறிப் போனாரு. அப்ப இருந்த நிலைமை தெரியும்தானே. கொழும்புல குண்டு வெடிச்ச காலம், தமிழ்ப் பேரைக் கேட்டாலே சந்தேகம். இவருகிட்ட ஐடென்டி கார்டும் இல்ல, தோட்டத்துல குடுத்த கடதாசிதான். வழியில ஒரு செக்பொயிண்ட்ல இறக்கிட்டாங்க. மூணு நாள் கழிச்சுத்தான் விட்டாங்க. திரும்பி வந்தப்போ கெஸ்கட்டும் இல்ல, கையில கட்டியிருந்த மணிக்கூடும் இல்ல, இடது காது சரியாக் கேட்கல. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். "சுடுதண்ணி இருந்தா குடு, குளிக்கணும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் அடுப்படியில உட்கார்ந்து அழுதேன், அவருக்குக் கேட்கலன்னு நினைச்சு நல்லா சத்தமாவே அழுதேன்.

முக்தார் கேள்விப்பட்டு வந்து, கராஜ்ல கிடந்த பழைய செம்பு கெஸ்கட் ஒண்ணும், சின்னதுகளுக்குத் தடிச்ச கடதாசியும் குடுத்தாரு. என்ஜினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி இருக்கு, சம்ப்னு சொல்லுவாங்க. அதுக்குப் போடுறது மட்டும் அவருகிட்ட இல்ல. "அது கார்க்ல செஞ்சது அக்கா. மார்ச்ல நான் கொழும்பு போவேன், வாங்கிட்டு வந்து தாரேன். பொறுங்க"ன்னாரு.

மார்ச்சாம். அனுஷியாவுக்கு அப்ப ஏழாம் மாசம். பிரஷர் இருக்கு, லயத்துல வச்சுப் பார்க்கக் கூடாது, வலி வந்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்னு மிட்வைஃப் மிஸ் சொல்லியிருந்தா.  ஒரு வாருக்காக ஒரு மாசம் கார் சும்மா நிக்கிறதான்னு ஆத்திரம் வந்துச்சு.

நீங்களே சொல்லுங்க. எங்க தோட்டத்துல ஒழுகுறது எதுவா இருந்தாலும் நாங்க எதைக் கொண்டு அடைக்கிறோம்? தகரக் கூரையில ஓட்டையா, ஷீட்டை வெட்டி ஒட்டு. வாளியில ஓட்டையா, ஷீட்டு. பைப் பூட்டுல தண்ணி கசியுதா, ஷீட்டு. செருப்புக்கு அடி, கதவுக்குக் கீல், எல்லாம் நாங்க உருட்டின ஷீட்டுதான். காருக்கு டயரே ரப்பர்தானே! எங்க ரப்பரைத்தானே கொழும்புக்காரன் கப்பல் ஏத்துறான்! ஸ்டோர்ல இருந்து நல்ல ஷீட் ஒண்ணை இடுப்புல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். புள்ளி இல்லாத, தேன் நிறத்து ஷீட். தொட்டி விளிம்பை அதுல வச்சு, சோக்கால கோடு போட்டு, பாக்குவெட்டியால மூலை வெட்டி, ஆணியைச் சூடாக்கித் துளை போட்டேன். அளவு அச்சா வந்துச்சு.

வீட்டுக்காரரு கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "முக்தார் கார்க்னுதானே சொன்னான்? ஒரு வார்த்தை கேட்டுருவோமா?"ன்னாரு.

"அவன்கிட்ட கேட்டா மார்ச்னுதான் சொல்லுவான். ஊரே எங்க ரப்பரை நம்புது, உங்களுக்கு மட்டும் நம்பிக்கை இல்லையாக்கும்! பூட்டுங்க"ன்னேன். பூட்டினாரு.

பெப்ரவரி கடைசியில நாலு பேராச் சேர்ந்து என்ஜினைத் தூக்கிக் கார்ல இறக்கிப் பூட்டி, எண்ணெய் ஊத்தி, பேட்டரி போட்டு, இவரு முன்னால நின்னு ஸ்டார்ட் பண்ற கம்பியை விட்டுச் சுத்தினாரு. ஏழாவது சுத்துக்கு அது இருமிச்சு. ஒன்பதாவதுக்குப் பிடிச்சுச்சு. லயமே ஓடி வந்துருச்சு. இவரு கம்பியைக் கையில வச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு நின்னாரு, கண்ணுல தண்ணி. அனுஷியா என் கையை எடுத்து பொனட்டு மேல வச்சா. "அக்கா, துடிக்குது பாரு"ன்னா.

முக்தார் வந்து சத்தத்தைக் கேட்டுட்டு, "அடேயப்பா, அண்ணே!"ன்னு இவரைக் கட்டிப் பிடிச்சாரு. கீழ குனிஞ்சு பார்த்தாரு. ஒரு சொட்டு ஒழுகல. "சம்ப் கெஸ்கட் எங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. நான் முந்திக்கிட்டு, "எடுத்தோம் ஒரு இடத்துல. உங்க கராஜ் தரையைவிட எங்க வாசல் சுத்தமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க"ன்னேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "அண்ணே, இந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா எண்ணெய் போகலன்னு அர்த்தம். அந்த இடத்துலயே நிப்பாட்டிருங்க. ஒரு அடிகூட ஓட்டாதீங்க"ன்னாரு.

கோயிலடியில தேங்காய் உடைச்சு, சில்லுக்கு அடியில தேசிக்காய் வச்சு நசுக்கி, டவுன் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்தோம். அதுக்குப் பிறகு சும்மா ஓட்டல, பெட்ரோலை வீணாக்கக் கூடாதுன்னு மூடி வச்சோம்.

தொண்ணூத்தேழு, சித்திரை வருசப் பிறப்புக்கு ரெண்டு வாரம் இருக்கு. புள்ளைக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. காலையில பத்து மணி இருக்கும், அனுஷியா கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே உட்கார்ந்துட்டா. இருளாயி அக்கா ஸ்டோருக்கு ஓடி வந்து சொன்னாங்க. நான் வர்றதுக்குள்ள இவரு மலையில இருந்து இறங்கி வந்து காரை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. ஒரே சுத்துல பிடிச்சுருச்சு. பார்த்தியா, பார்த்தியான்னு மனசுக்குள்ள துள்ளினேன்.

அவளைக் கைத்தாங்கலா ஏத்தப் போறப்பதான் மேல் டிவிசன்ல இருந்து லொறி இறங்கி வந்துச்சு. காலி லொறி. செல்லையா எங்க லயத்து முன்னால நிப்பாட்டி, இறங்கி, துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நின்னான். நாலு வருசத்துக்குப் பிறகு எங்கிட்ட பேசினான்.

"இராஜம், லொறி காலிதான். பெஞ்சு போட்டு மெத்தை விரிச்சுத் தாரேன். கடதாசி வேணாம், எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். ஏத்து தாயி"ன்னான். 

எனக்கு நாலு வருசத்து நெருப்பும் வாயில வந்துருச்சு. "அன்னைக்கு ஏத்தாத லொறி இன்னைக்கு எனக்கு எதுக்கு? எங்ககிட்ட கார் இருக்கு. நாங்க கட்டின கார். நீ போய் உன் ஷீட்டை ஏத்து"ன்னேன். ஊரே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அனுஷியா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, எதுலயாவது போவோம் அக்கா"ன்னா.

"வாயை மூடிக்கிட்டு ஏறு"ன்னேன்.

செல்லையா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். லொறி எங்களுக்கு முன்னாலேயே இறங்கிப் போயிருச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு மைல். டவுனைத் தாண்டி நாலு மைல் நல்லாத்தான் போச்சு. அவ தலை என் மடியில, வலி வர்றப்ப என் கையைக் கடிச்சா. மழை பிடிச்சுருச்சு. அப்பதான் இவரு காரை மெதுவாக்கினாரு. "சிவப்பு லைட் எரியுது"ன்னாரு.

"எரிஞ்சா எரியட்டும், ஓட்டுங்க!"

"நிப்பாட்டச் சொன்னான் இராஜம். எண்ணெய் போகல."

"இங்க புள்ள தலை வருது, லைட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க! மனுசனா நீங்க? ஓட்டுங்க!" அவரு சீட்டுக்குப் பின்னால உதைச்சேன்.

அவரு ஓட்டினாரு. அரை மைல் போகல, உள்ளுக்குள்ள சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம் வந்துச்சு. ஒரு ஏத்தத்துல, வளைவுல, ஒரு தடவை கீச்சுன்னு கத்திட்டு நின்னுருச்சு. இவரு இறங்கிக் கம்பியை விட்டுச் சுத்தினாரு. கம்பி அசையல. காலால ஏறி மிதிச்சாரு, அசையல. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், ஒரு வீடு இல்ல. பஸ் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்துச்சு. இவரு மழையில ரோட்டு நடுவுல நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. ஒரு ஜீப் போச்சு, நிக்கல.

புள்ள கார் பின் சீட்டுலயே பொறந்துச்சு. என் கையிலதான் விழுந்துச்சு. பொம்பளப் புள்ள. அழுதுச்சு. அனுஷியா சிரிச்சா, "அக்கா மாதிரியே கத்துறா"ன்னா. அப்பதான் ரத்தம் போக ஆரம்பிச்சுச்சு. நிக்கல. என் சேலையைக் கிழிச்சு வச்சேன், இவரு சட்டையை வச்சேன், நிக்கவே இல்ல. முக்கால் மணித்தியாலம் கழிச்சு ஒரு சிங்கள ஆளு திரீவீலர்ல வந்தாரு. பார்த்த உடனே தன்னோட ஆளுங்களை இறக்கிவிட்டுட்டு, "இக்மன் கரன்ன, இக்மன் கரன்ன"ன்னு அவசரப்படுத்தி எங்களை ஏத்திக்கிட்டுப் பறந்தாரு. ஆஸ்பத்திரி கேட் தெரியுறப்ப அவ கை என் கையில இருந்து நழுவிருச்சு. நான் அவளை அடிச்சு எழுப்பினேன். அனு, அனுன்னு கன்னத்துல அடிச்சேன். என் தங்கம் எழும்பல.

சஞ்சீவ் வந்தான், அழுதான், போனான். அடுத்த வருசம் வேற கல்யாணம் கட்டிக்கிட்டான். புள்ளைக்கு சுதர்ஷினின்னு பேரு வச்சு நாங்க வளர்த்தோம்.

காரை முக்தார் கட்டி இழுத்துக்கிட்டுப் போய் கராஜ்ல வச்சிருந்தாரு. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகு நான் மட்டும் போனேன். இவரு வர மாட்டேன்னுட்டாரு. முக்தார் கதவைச் சாத்திட்டு, தொட்டியைக் கழட்டி என் முன்னால வச்சாரு. விளிம்புல நான் வெட்டின ஷீட்டைக் காணல. அந்த இடத்துல கறுப்பா, கொழகொழன்னு, ரெண்டு மடங்கு ஊதின ஒரு பசை. பாதி பிஞ்சு எண்ணெய்க்குள்ள விழுந்திருந்துச்சு. எண்ணெய் உறிஞ்சுற இடத்துல ஒரு வலை இருக்கு, அதுல அப்பிக்கிட்டு இருந்துச்சு.

"அக்கா, இது என்ன போட்டீங்க?"

 வாடையே சொல்லிருச்சு. என் கையில இருக்கிற அதே வாடை.

"பச்சை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது அக்கா. ஊறிக் கரைஞ்சிரும். எண்ணெய் சூடானா இன்னும் மோசம். வலையை அடைச்சு, மேல எண்ணெய் ஏறாமப் பண்ணிருச்சு"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, பாவம்.

"அந்த மூடி? ரெண்டும் மூணும்?"

"மூடியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அண்ணன் பூட்டின மாதிரி நான்கூடப் பூட்டியிருக்க மாட்டேன். அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. வீட்டுக்குப் போய் முதல்ல அதைச் சொல்லிருங்க அக்கா."

"சொல்றேன்"னேன். அந்தப் பசையைப் பேப்பர்ல சுத்தித் தரச் சொல்லி வாங்கிக்கிட்டு வந்து, வர்ற வழியில ஆத்துல போட்டேன். அந்த வருசமே முக்தார் கராஜை வித்துட்டு மாவனெல்லைப் பக்கம் போயிட்டாரு. நான் வீட்டுக்கு வந்தப்போ, இவரு தரையில அனுஷியா எழுதின சோக் கட்டத்துக்கு முன்னால உட்கார்ந்திருந்தாரு. ரெண்டு, மூணுன்னு எழுதின கட்டத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"முக்தார் என்ன சொன்னான்? மூடிதானே?"ன்னாரு.

அந்த இடத்துல நான் வாயைத் திறந்திருக்கணும். வாயே வரல. "பழைய என்ஜின்தானே, தேய்ஞ்சு போச்சாம்"னேன். அவரு தலையை ஆட்டினாரு. "என் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்லியிருக்கான்"னாரு. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அந்த மனுசன் ஒரு ஸ்பேனரைத் தொடல. தண்ணிப் பைப் உடைஞ்சாக்கூட ஆளைக் கூப்பிடுவாரு. தரையை மட்டும் ரெண்டு வருசம் கழுவ விடல.

ஒவ்வொரு வருசமும் அனுஷியா திதிக்குப் படையல் போடுவோம். அவ போட்டோவுக்கு முன்னால இவரு விழுந்து கும்பிட்டு, "மூடியை மாத்திப் போட்டுட்டேன் தாயி, மன்னிச்சுரு"ன்னு சொல்லுவாரு. காது கேட்காததால சத்தமாத்தான் சொல்லுவாரு. நான் பக்கத்துல கற்பூரத் தட்டோட நிப்பேன். பன்னிரண்டு வருசம் நின்னிருக்கேன்.

இந்த வருசம் சுதர்ஷினிக்குப் பன்னிரண்டு முடியுது. விவரம் தெரியுற வயசு. படையல் முடிஞ்சு இவரு எழும்புறப்ப, அவ நேரா வந்து நின்னு, "பெரியப்பா, நீங்க பிழையாப் பூட்டினதாலயா எங்க அம்மா செத்தாங்க?"ன்னு கேட்டா. இவருக்குக் காது கேட்கலன்னு நினைச்சு ரெண்டாந்தடவை சத்தமாக் கேட்டா.

இவரு அவ முகத்தைப் பார்த்து, "ஆமா தாயி"ன்னாரு.

அவ கையில இருந்த பூவைக் கீழ வச்சுட்டு, அவரைத் தாண்டிப் போய் வாசல்ல உட்கார்ந்துட்டா. அவரு கூப்பிட்டாரு, அவ திரும்பல. இவரு என்னைப் பார்த்தாரு. காப்பாத்துன்னு பார்த்தாரா, என்ன செய்றதுன்னு பார்த்தாரான்னு தெரியல. கற்பூரம் என் கையில எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வாயைத் திறந்தேன். சத்தியமா சொல்லத்தான் திறந்தேன்.

"சோறு ஆறிப் போகுது, ரெண்டு பேரும் வந்து சாப்பிடுங்க"ன்னேன்.